பத்து நாள் ரீவ்

சுவிசேஷமுத்து தன் பெயரை மட்டும் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடைசியாகப் போட்டது 1949இல், கல்யாணப் பதிவேட்டில். அதற்கு அடுத்த திங்கட்கிழமை தாம்பரத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அன்றிலிருந்து பேனாவைத் திறந்தால் முதலில் ‘ஃபார்’ என்று எழுதுவார், அப்புறம் ‘ரீவ்’ என்று எழுதுவார், அதற்கும் கீழே ஒரு மூலையில்தான் அவர் பெயர் வரும். ஒருமுறை மகள் ஹில்டாவின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டிலும் அப்படியே போட்டுவிட்டார். ‘அப்பாவை வரச்சொல்’ என்று ரிப்போர்ட் திரும்பி வந்தது. மனைவி ஞானஜோதி விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் தானே கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அதற்கப்புறம் அவர் எதையாவது மறந்தால், “ரீவுக்காக மறந்துட்டீங்களாக்கும்” என்பாள்.

இந்த ரீவ் யார் என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, அது என் பொறுப்பில்லை. அந்த ஆபீஸில் எதுவுமே யார் பொறுப்பும் இல்லை.

1889இல் கார்த்வெயிட் என்று ஒரு துரை, தாம்பரத்திலிருந்து படப்பை போகிற ரோட்டுப் புளியமரங்களைப் பராமரிக்க ஓர் ஆபீஸ் வைத்தார். மரங்கள் நானூற்றுப் பன்னிரண்டு. துரைக்கு ஒரு கிறுக்கு இருந்தது. மேனேஜர், சூப்பரின்டென்டென்ட் எல்லாம் நேற்று முளைத்த சொற்கள் என்பது அவர் கட்சி. அவருடைய ஊரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அதிகாரம் செய்தவர்களை என்னென்ன சொல்லி அழைத்தார்களோ அதையெல்லாம் தோண்டி எடுத்துக்கொண்டு வந்து தாம்பரத்து வெயிலில் காயப்போட்டார். மரம் எண்ணுகிறவன் வார்டன். மாடு விரட்டுகிறவன் பெய்லிஃப். கதவு திறக்கிறவன் பீடில். ஆபீஸைக் கட்டி மேய்க்கிறவன் ஸ்டூவர்ட். எல்லோருக்கும் மேலே, சகலத்துக்கும் பொறுப்பாக, ஒரே ஒரு ரீவ்.

ஜனங்களுக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. அவர்கள் அதை ‘லீவு ஆபீஸ்’ என்றார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் கண்டக்டர் “லீவு ஆபீஸ் எறங்கு” என்றுதான் கூவுவார். உள்ளே இருந்தவர்களைப் பார்த்தால் கண்டக்டரைக் குறை சொல்ல மனசு வராது. 1971 வாக்கில் ரோட்டை அகலப்படுத்தி அகலப்படுத்தி மரங்கள் பதினொன்றாகியிருந்தன. ஊழியர்களும் பதினோரு பேர். ஆளுக்கொரு மரம் என்றால்கூட ஒரு ஒழுங்காக இருந்திருக்கும். அதற்கும் யாரும் முன்வரவில்லை.

கடைசி ரீவ் ஹார்விக் துரை. 1934 ஜூன் மாதம், காலை பதினோரு மணிக்கு, தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, டீ வருவதற்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது செத்துப்போனார். சாவு எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் துரை சார்ஜை ஒப்படைக்காமல் செத்துவிட்டார். ஆபீஸ் விதி பதினான்கு இப்படிச் சொல்கிறது: ‘ரீவாக இருப்பவர் தம் கைப்பட எழுதி ஒப்படைத்தாலன்றி, ரீவ் ரீவாகவே இருப்பார்.’ துரை எழுதி ஒப்படைக்கவில்லை. ஆகவே துரைதான் ரீவ். பல்லாவரத்தில் வெள்ளைக்காரர் கல்லறையில் அவரைப் புதைத்ததைப் பற்றி விதியில் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஆபீஸில் எல்லோரும் ‘ரீவுக்காக’ என்று கையெழுத்துப் போட்டார்கள். ரீவின் அறை தினமும் பெருக்கப்பட்டது. தொப்பி ஆணியில் தொங்கியது. காலை பதினோரு மணிக்குப் பியூன் மைதீன் பிச்சை ஒரு கப் டீயை அந்த மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். பதினொன்றரைக்குப் போய் எடுத்து வருவார். கப் காலியாக இருக்கும். யார் குடிக்கிறார்கள் என்று சுவிசேஷமுத்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை கேட்டார்.

“நான் கேட்டுகினது இல்ல சார்,” என்றார் மைதீன் பிச்சை. “நீங்களும் கேட்காதீங்க.”

அந்த அறையைத் தாண்டும்போது சுவிசேஷமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பார். சில நாள் மூடிய கதவின் கீழிருந்து சுருட்டு வாசனை வரும். ஆபீஸில் சுருட்டுப் பிடிக்கிறவர் யாரும் இல்லை.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பதவிப் பெயர்களை எல்லாம் தமிழில் மாற்ற வேண்டுமாம். பொறுப்பு ஸ்டூவர்ட்டாக இருந்த வேதசிரோமணி கூட்டம் போட்டார். அவர் முழுக்கைச் சட்டையும் பொத்தானிட்ட கழுத்துமாக இருப்பார், பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். கார்த்வெயிட் துரை தொகுத்து வைத்த சொல்லகராதியைப் பீரோவிலிருந்து எடுத்து வந்து சுவிசேஷமுத்துவைப் படிக்கச் சொன்னார்கள்.

“ரீவ்: பொறுப்பில் இருப்பவன். ஸ்டூவர்ட் என்ற சொல்லைப் பார்க்க,” என்று படித்தார் சுவிசேஷமுத்து.

“பாருங்க,” என்றார் வேதசிரோமணி.

“ஸ்டூவர்ட்: வார்டன் என்ற சொல்லைப் பார்க்க.”

“பாருங்க.”

“வார்டன்: ரீவ் என்ற சொல்லைப் பார்க்க.”

 வேதசிரோமணி கண்ணைத் திறக்காமலே, “எவ்வளவு கச்சிதம்,” என்றார். “ஒருத்தர் மேலயும் பாரம் நிக்கல பாருங்க. இதுதான் நிர்வாகம்.”

சுவிசேஷமுத்து பக்கத்தைப் புரட்டினார். “லார்டு: பழங்காலத்தில் ரொட்டியைக் காப்பவன் என்று பொருள்.”

“அப்பிடின்னா சோறு போடறவன்தான் அப்போ பெரிய ஆளு,” என்றார் வாசலில் நின்ற மைதீன் பிச்சை. “நடுவுல எப்பவோ மாறிகீது.”

அதற்கு முந்திய பக்கத்தில் இருந்த ஒன்றைச் சுவிசேஷமுத்து வாய்விட்டுப் படிக்கவில்லை. ‘ஹஸ்பெண்ட்: வீட்டுக்குப் பொறுப்பில் இருப்பவன். இப்பொருளில் வழக்கிழந்த சொல்.’ என்ன காரணமோ அவருக்கு அது மனசில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஞானஜோதியிடம் சொன்னார். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமல், “வழக்கிழந்துதான் போச்சு,” என்றாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

பல்லாவரம் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். வயிற்றில் கட்டி. அறுத்து எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சேர்க்க வேண்டும். சனிக்கிழமை காலையில் ஆபரேஷன். அதற்கு அறுக்கச் சம்மதம் என்று புருஷன் கையெழுத்து வேண்டும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள். சனிக்கிழமை மத்தியானம் டாக்டரம்மா வெளியூர் போகிறார், திரும்பி வர ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதம் ஞானஜோதிக்கு இல்லை என்பதை டாக்டரம்மா வாயால் சொல்லவில்லை, முகத்தில் இருந்தது.

சுவிசேஷமுத்து பத்து நாள் லீவு கேட்டு எழுதினார். அதுதான் அவர் செய்த பிழை. அந்த ஆபீஸில் யாரும் லீவு எழுதிக் கேட்பதில்லை. வரவில்லை என்றால் வரவில்லை, அவ்வளவுதான். பெய்லிஃப் ஒருத்தர் ஆறு வருஷமாக வரவில்லை, அவருக்கும் ஒரு குறையும் வரவில்லை. ஒழுங்காக எழுதிக் கேட்ட முதல் மனிதர் சுவிசேஷமுத்துதான். வேதசிரோமணி நெகிழ்ந்துபோய், டைப்பிஸ்ட் தபீதாளைக் கூப்பிட்டு உத்தரவு அடிக்கச் சொன்னார். வியாழக்கிழமை சாயங்காலம் உத்தரவு கைக்கு வந்தது.

‘அண்டர் வார்டன் திரு. சுவிசேஷமுத்து அவர்களுக்கு, அவர் கேட்டுக்கொண்டபடி, வெள்ளிக்கிழமை முற்பகல் முதல் பத்து நாள் ரீவ் வழங்கப்படுகிறது.’

அவர் இரண்டு முறை படித்தார். தபீதாளிடம் ஓடினார்.

“என்னம்மா இது? லீவுன்னு அடிக்கணும். ரீவுன்னு அடிச்சிருக்கியே.”

தபீதாள் தாளை வாங்கிப் பார்த்துக் கையைப் பிசைந்தாள். “சார் வாயில லீவுன்னுதான் சொன்னார் அண்ணா. என் கைக்கு அந்த வார்த்தை பழக்கமில்ல. பதினஞ்சு வருஷமா இந்த மெஷின்ல ரீவ், ரீவ்னுதான் அடிக்கிறேன். விரல் தானாப் போயிடுச்சு.”

“சரி, அதை அடிச்சிட்டு லீவுன்னு மாத்திக் குடும்மா.”

“நம்பர் போட்டாச்சே.”

வேதசிரோமணியிடம் போனார். வேதசிரோமணி உத்தரவை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். அவர் முகத்தில் தெரிந்தது கோபமில்லை, பயமுமில்லை, ஏதோ வெகுநாள் எதிர்பார்த்த கடிதம் வந்த மாதிரி ஒரு பாவனை.

“மிஸ்டர் சுவிசேஷமுத்து, இதைப் போட்டது நான் இல்ல. ரீவுக்காக நான் போட்டேன். ரீவ் போட்டதை ரீவ்தான் மாத்தணும்.”

“ரீவ் செத்துட்டாரே சார்.”

“அது அவரோட சொந்த விஷயம். உத்தரவைப் படிங்க. நாளைக்கு முற்பகல்லேர்ந்து நீங்கதான் ரீவ்.”

சுவிசேஷமுத்து உத்தரவை வாங்கி மறுபடியும் படித்தார். ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. “அப்படின்னா நாளைக்கு நானே எனக்கு லீவு குடுத்துக்கலாமா சார்?”

“பேஷா குடுத்துக்கலாம். சார்ஜ் எடுத்த மறு நிமிஷம் குடுத்துக்கலாம். மத்தியானத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்.”

“சார்ஜ் யார்கிட்ட எடுக்கணும்?”

“இது என்ன கேள்வி? ஹார்விக் துரைகிட்டதான்.”

மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்ற அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் சுவிசேஷமுத்து தலையை ஆட்டினார். வெள்ளிக்கிழமை காலையில் மைதீன் பிச்சையின் மனைவி நூர் பீவி, பக்கத்து வீட்டுக்காரி, ஞானஜோதியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஞானஜோதி ரிக்‌ஷாவில் ஏறும்போது அவர் கையைப் பிடித்து, “மறந்துடாதீங்க. அஞ்சு மணி,” என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், வலியில் பாதியில் நின்றுவிட்டது. “ரீவுக்காகவாவது வந்துடுங்க.”

ஒன்பதரை மணிக்கு ஆபீஸ் முழுவதும் மின்சார ரயிலேறிப் பல்லாவரம் போனது. பெய்லிஃப்கூட ஆறு வருஷத்துக்குப் பிறகு வந்திருந்தார். துரையின் தொப்பியை ஒரு பிஸ்கெட் டப்பாவில் வைத்து மைதீன் பிச்சை மடியில் ஏந்தி வந்தார். அன்று வெள்ளிக்கிழமைச் சந்தை. ஆட்டுக்கூட்டத்துக்கும் பழைய இரும்புக் கடைகளுக்கும் நடுவில் பதினோரு பேர் வரிசையாகப் போவதைப் பார்த்து, யார் வீட்டுச் சாவு என்று ஒரு கிழங்குக்காரி விசாரித்தாள். “பழைய சாவும்மா,” என்றார் மைதீன் பிச்சை.

கல்லறைத் தோட்டத்தில் முள் முளைத்துக் கிடந்தது. ஹார்விக் துரையின் கல்லுக்கு முன்னால் நின்று வேதசிரோமணி கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

“மாண்புமிகு ரீவ் அவர்களே. முப்பத்தேழு வருஷமா உங்க பேரால இந்த ஆபீஸை நடத்தி வந்தோம். இந்த முப்பத்தேழு வருஷத்துல ஒரு தப்பான முடிவுகூட நாங்க எடுத்ததில்லை. எந்த முடிவும் எடுத்ததில்லை. மரங்களை வெட்ட வந்தப்போ, வேண்டாம்னும் சொல்லல, வெட்டுங்கன்னும் சொல்லல. உங்க அபிப்பிராயம் கேட்டு ஃபைலை உங்க மேஜையில வெச்சோம். நீங்க திருப்பி அனுப்பல. உங்க காலத்து ஒழுக்கம் அப்படி.”

பிறகு சுவிசேஷமுத்துவை ஒப்படைப்புப் பட்டியலைப் படிக்கச் சொன்னார்கள். நாற்காலி ஒன்று. தொப்பி ஒன்று. புளியமரம் நானூற்றுப் பன்னிரண்டு.

“பதினொண்ணுதானே சார் இருக்கு?”

“துரை போனப்போ இருந்ததைத்தான் படிக்கணும். அவர் மனசு புண்படக்கூடாது.”

ஒப்படைக்க ஆட்சேபணை உண்டா என்று வேதசிரோமணி மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் எல்லோரும் கல்லைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். மூன்றாவது முறை சந்தை இரைச்சல்கூட அடங்கின மாதிரி இருந்தது. சுவிசேஷமுத்துவின் பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள். திரும்பினார். பின்னால் சுவர்தான் இருந்தது. ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். ‘ஒப்படைத்தவர் கையொப்பம்’ என்ற இடம் காலியாக இருந்த தாளைக் கல்லின் மேல் விரித்து நாலு மூலைக்கும் நாலு கூழாங்கல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். கால் மணி கழித்துப் போய்ப் பார்த்தபோது அந்த இடத்தில் வெள்ளையும் கருப்புமாக ஒரு கோணல் கறை இருந்தது.

“துரை இனிஷியல் மட்டும் போட்டிருக்கார்,” என்றார் வேதசிரோமணி மரியாதையாக.

“காக்கா எச்சம் சார்,” என்றார் மைதீன் பிச்சை.

“நீ வேலைக்கு வந்தது நாற்பத்தெட்டுல. துரை கையெழுத்து உனக்கு எப்படித் தெரியும்?”

மைதீன் பிச்சை கூழாங்கற்களை எடுத்துவிட்டுத் தாளைச் சுருட்டினார்.

கல்லறைத் தோட்டத்துக் கேட்டிலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரியின் ஓட்டுக்கூரை தெரியும். நடந்தால் ஐந்து நிமிஷம். சுவிசேஷமுத்து கெஞ்சினார். ஒரு எட்டு போய் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்றார். வேதசிரோமணிக்கே மனசு இளகிவிட்டது, கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். ஆனால் வாங்கின சார்ஜை நாற்காலியில் கொண்டுபோய் வைக்காமல் வழியில் இறங்கினால் சார்ஜ் ரோட்டில் நின்றுவிடும் என்றும், அப்படி நின்ற சார்ஜை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றும் விளக்கினார். பெய்லிஃபும் இன்னொருத்தரும் சுவிசேஷமுத்துவின் இரண்டு கையையும் பாசத்தோடு பிடித்துக்கொண்டார்கள். தாம்பரம் வந்து சேர மணி ஒன்றரை.

ரீவின் அறைக்குள் அவரை விட்டுக் கதவைச் சாத்தினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார். நாற்காலி சூடாக இருந்தது, யாரோ அப்போதுதான் எழுந்து போன மாதிரி. சுருட்டு வாசனை மூக்கைத் துளைத்தது. ஞானஜோதியை நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். தாளை எடுத்துத் தனக்குத் தானே லீவு எழுதினார். கையெழுத்துப் போட்டு வெளியே கொண்டுபோய்க் கொடுத்தார்.

வேதசிரோமணி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இது செல்லாது, மிஸ்டர் ரீவ்.”

“ஏன் சார்?”

“நீங்களே ரீவ். ஆனா ‘ஃபார் ரீவ்’னு போட்டிருக்கீங்க. ரீவே ரீவுக்காகப் போட முடியாதே. வெறும் பேரைப் போடுங்க.”

அவர் போனார், புதுத் தாள் எடுத்தார், நிதானமாக எழுதினார். கீழே பார்த்தால் ‘ஃபார் ரீவ்’. கிழித்தார். மறுபடி எழுதினார். பேனா தாளைத் தொட்டதும் கை தன் பாட்டுக்கு ‘ஃபார்’ என்று போய்விட்டது. வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு எழுதிப் பார்த்தார். எழுத்து கோணலாக வந்தது, ஆனால் ‘ஃபார்’ என்றே வந்தது. ஒன்பது தாள் ஆயிற்று. அவருக்கு அழுகை வந்துவிட்டது. இது என் கைதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்யாண மோதிரம் இருந்தது. அவர் கைதான்.

மூன்றரை மணிக்கு நூர் பீவி மூச்சிரைக்க வந்தாள். அறை வாசலைத் தாண்டி உள்ளே வர அவளுக்குக் கால் வரவில்லை. வெளியிலிருந்தே பேசினாள்.

“அண்ணா, இன்னா பண்ணிகினு கீறீங்க இங்க? அக்கா வாசலையே பாத்துகினு கெடக்குது. சிஸ்டரம்மா மூணு தபா வந்து கேட்டுட்டாங்க. அஞ்சு மணிக்கு மேல போச்சுன்னா பேரை அடிச்சிடுவாங்களாம்.”

“வந்துட்டேன்மா. ஒரே ஒரு தாள்தான்.”

“தாளுங்கறீங்களே. உசிரு அண்ணா அது.”

அவள் திரும்பி ஓடினாள். சுவிசேஷமுத்து இன்னும் ஒரு தாள் தேடினார். மேஜை மேல் இருந்ததெல்லாம் தீர்ந்திருந்தது. அடி இழுப்பறையை இழுத்தார். முப்பத்தேழு வருஷமாக யாரும் இழுக்காத இழுப்பறை, வழவழவென்று வந்தது.

உள்ளே இரண்டே காகிதங்கள். மேலே இருந்தது ஹார்விக் துரை 1919இல் சார்ஜ் எடுத்த பத்திரம். கார்த்வெயிட் துரை பத்து நாள் லீவில் ஊட்டிக்குப் போனவர் திரும்பவில்லை, சார்ஜையும் ஒப்படைக்கவில்லை, ஆகவே அவருக்காக என்று எழுதி, அடியில் கையெழுத்து: ‘ஃபார் ரீவ், ஹார்விக்.’ சுவிசேஷமுத்து அதை மேஜைமேல் வைத்தார். கீழே இருந்த காகிதத்தை எடுத்தார். அது 1889இல் ஆபீஸைத் தொடங்கி வைத்த உத்தரவு. அதற்கு முன்னால் ரீவ் என்று ஒருவர் தாம்பரத்திலோ உலகத்தில் வேறெங்குமோ அந்த ஆபீஸுக்கு இருந்ததில்லை. அதன் அடியில் அழகான கையெழுத்தில், மை கொஞ்சமும் மங்காமல் இருந்தது: ‘ஃபார் ரீவ், கார்த்வெயிட்.’

இரண்டு காகிதத்தையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். “சார், யாருமே இருந்ததில்ல சார். ஆரம்பிச்சவரே யாருக்காகவோதான் போட்டிருக்கார்.”

வேதசிரோமணி வாங்கிப் படித்தார். அவர் கண் கலங்கிவிட்டது. “எண்பத்திரண்டு வருஷம்,” என்றார். “அஸ்திவாரத்துலயே எவ்வளவு அடக்கம் பாருங்க. இதைக் கண்ணாடி போட்டு மாட்டணும்.”

“அப்போ உள்ள இருக்கறது யாரு சார்?”

 மைதீன் பிச்சை தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் கல்லறைக்குப் போனதால் வழக்கமான பதினோரு மணி டீ அன்று தவறிவிட்டது என்று, கொஞ்சம் முன்னால்தான் அவர் ரீவின் மேஜையில் ஒரு கப் வைத்திருந்தார். சுவிசேஷமுத்து அதைத் தொடவில்லை. இப்போது திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தால் கப் காலியாக இருந்தது. அடியில் ஒட்டியிருந்த டீத்தூளிலிருந்து இன்னும் ஆவி வந்தது.

சுவிசேஷமுத்து செருப்பைக்கூட மாட்டவில்லை.

“மிஸ்டர் ரீவ், சார்ஜ்?” என்று பின்னாலிருந்து வேதசிரோமணி கூப்பிட்டார். “யார்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போறீங்க?”

“யாரு குடிச்சாங்களோ அவங்ககிட்டயே,” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் யாரையும் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. ஸ்டேஷனுக்கு ஓடும்போது மார் படபடவென்று அடித்தாலும் மனசு லேசாக இருந்தது. நாலு இருபது ரயில் கிடைத்தது. ஜன்னலோரம் நின்றுகொண்டு சின்னப் பையன் மாதிரி காற்றை வாங்கினார். ஞானஜோதியிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், காக்காய் இனிஷியல் போட்ட கதையைச் சொன்னால் வயிற்று வலியோடு சிரித்துத் தொலைப்பாள், ஆபரேஷன் முடிந்தபிறகு சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டார். பல்லாவரத்தில் இறங்கிச் சந்தைக்குள் புகுந்து, கல்லறைத் தோட்டத்துப் பக்கம் பார்க்காமல் ஓடினார். ஆஸ்பத்திரி மணிக்கூட்டில் ஐந்தாக எட்டு நிமிஷம் இருந்தது.

ஞானஜோதி வார்டில் முதல் கட்டிலில் கிடந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கட்டில் ஓரத்தில் இருந்த அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நூர் பீவி, “வந்துட்டாரு, வந்துட்டாரு,” என்று சொல்லிக்கொண்டே சிஸ்டரைக் கூப்பிடப் போனாள்.

சிஸ்டர் அச்சடித்த படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார். “நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இங்க, ஹஸ்பெண்ட்னு இருக்கு பாருங்க. அதுக்கு நேரா சைன் பண்ணுங்க. டாக்டர் வீட்டுக்குக் கிளம்பப் போறாங்க.”

ஞானஜோதியின் கன்னத்திலிருந்து கையை எடுத்து, பேனாவை வாங்கி, சுவிசேஷமுத்து சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

சிஸ்டர் படிவத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி படிவத்தைப் பார்த்தார்.

“என்ன சார், ‘ஃபார் ஹஸ்பெண்ட்’னு போட்டிருக்கீங்க? அவருக்காக நீங்க போட முடியாது. அவரேதான் போடணும். எங்க அவரு?”

ஞானஜோதியும் நூர் பீவியும் சுவிசேஷமுத்துவையே பார்த்தார்கள். அவர் திரும்பி வாசலைப் பார்த்தார்.